பால் வழிந்த தரை

உருத்திரமூர்த்தி தரையில் முழங்காலூன்றுவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் சோடியாக வைத்துவிடுவார். இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்புச் சப்பாத்து அது, வேலைத்தளத்தில் கழற்றக்கூடாது. முதலாளியின் வான் வரும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் மாட்டிக்கொள்வார், வான் போனதும் மறுபடி கழற்றுவார். "பலகைக்கு மேல சப்பாத்தோட நிண்டா எனக்குக் கையே ஓடாது" என்பார். காலுறையில் பெருவிரல் பக்கம் எப்போதும் ஓட்டைதான்.

ஐம்பதை நெருங்குகிற மனிதர். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுக் கடை மனேச்சராக இருந்தவருக்கு ஜெர்மனிக்கு வரும்வரை சீவுளியை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. இப்போதும் ஆணியைவிட விரலில்தான் அதிகம் அடிப்பார். ஆனால் பொறுமைசாலி. பழைய கட்டடங்களின் மரத்தரையைச் செப்பனிடும் சிறு நிறுவனமொன்றில் தற்காலிக வேலையாள்.

இந்த வருடம், அதாவது தொண்ணூற்றாறில், கிடைத்தது ஹம்பேர்க்குக்கு வெளியே காட்டோரத்தில் ஒரு செங்கல் வீடு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் எதிரிக் கப்பல்களின் வானொலிச் செய்திகளைப் பிடித்து, அவற்றின் இரகசியக் குறியீடுகளை உடைத்த இடம். அதை நூதனசாலை ஆக்குகிறார்கள். மேல்மாடி அறையில் அந்த ஆட்கள் இருந்த கதிரைகளின் கால்கள் பலகையில் குழி குழியாகப் பதிந்திருந்தன. அழுக்குப் போகலாம், குழி போகக்கூடாது, தேய்க்கும் தாள் உள்ளேயே வரக்கூடாது என்று பழங்கட்டடங்களுக்குப் பொறுப்பான லோமான் அம்மையார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இஞ்சரும், பழுதைக் காப்பாத்தச் சம்பளம் தாறாங்கள்" என்று தொலைபேசியில் மனைவிக்குச் சொல்லிச் சிரித்தார் உருத்திரமூர்த்தி. துணியால் துடைக்கத் துடைக்க விரல் குழிகளில் இறங்கியபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. "ஒருத்தன் கண்டுபிடிச்சிட்டன் எண்டு கதிரையைத் தள்ளிப்போட்டுத் துள்ளி எழும்பியிருப்பான். அண்டைக்கு எந்தக் கடலில எத்தினை சனம் செத்துதோ" என்றார் அடுத்த ஞாயிறு தொலைபேசியில்.

மனைவி சுந்தரேஸ்வரியும் மகள் தர்மிகாவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருக்கிறார்கள். இந்தத் தரையை லோமான் அம்மையார் குறையில்லாமல் பொறுப்பேற்றால் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தர வேலை இருந்தால்தான் இருவரையும் கூப்பிட முடியும்.

வேலை முடிகிறதென்று கேட்டதும் சுந்தரேஸ்வரி சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "குடிபூராமல் குடுத்திடாதேங்கோ. கொஞ்சப் பாலெண்டாலும் காய்ச்சுங்கோ. சனத்தைச் சாக்காட்டின வீடு."

"அது வீடில்லையப்பா, மியூசியம்."

"சுவரும் கூரையும் இருந்தா வீடுதான்."

அவரோடு வாதாடி உருத்திரமூர்த்தி ஒருநாளும் வென்றதில்லை. பொறுப்பேற்புக்கு முதல்நாள் மதிய இடைவேளையில், செங்கல் மேல் சின்ன எரிவாயு அடுப்பு, அதன் மேல் புதுச் சட்டி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டபடி அவர். குடிபுகக் காய்ச்சும் பால் பொங்கி வழியாமல் நெருப்பைக் குறைக்கக்கூடாதல்லவா? பால் தாராளமாகவே வழிந்தது. செங்கல்லைத் தாண்டி, எண்ணெய் பூசிக் காயாத பலகையில் இறங்கி, ஒரு கதிரையின் குழிகளுக்குள் போய் நின்றது. துடைத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் தழும்பு. எத்தனை துடைத்தும் போகவில்லை.

கூட வேலை செய்யும் ஊவே வந்து பார்த்தான். வண்டியிலிருந்து ஒரு தேய்க்கும் தாளைக் கொண்டுவந்து நீட்டினான். "கொஞ்சம் தேய்த்தால் போய்விடும். யாருக்குத் தெரியப்போகிறது?"

உருத்திரமூர்த்தி தாளோடு குனிந்தார். தேய்த்தால் தழும்பு போகும், குழியும் போகும். அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஊவே தோளைக் குலுக்கிக்கொண்டு பாரமான கருவிப் பெட்டியை இழுத்துத் தழும்பின் மேல் வைத்தான்.

மறுநாள் காலை லோமான் அம்மையார் வந்தார். ஒவ்வொரு பலகையாகப் பார்த்தார், குழிகளைத் தடவினார். தரை மின்னியது. கருவிப் பெட்டியை அவர் பொருட்படுத்தவேயில்லை. வேலை நடந்த இடத்தில் பெட்டி கிடப்பது வழக்கம்தானே.

"மிகவும் நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்திடப் பேனாவின் மூடியைத் திறந்தார். முதலாளி உருத்திரமூர்த்தியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இன்றிரவே லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லலாம். தர்மிகா சந்தோசத்தில் குழறி அழுவாள்.

"ஒரு நிமிசம்" என்றார் உருத்திரமூர்த்தி ஜெர்மன் மொழியில்.

முதலாளி பார்த்திருக்கவே சப்பாத்தைக் கழற்றி வாசலில் சோடியாக வைத்தார். ஓட்டைக் காலுறையோடு அறையின் நடுவே போய்க் குனிந்து, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து அப்பால் இழுத்தார்.