எலி மண்டையில் எங்கே நிற்பது

அனிஷாவுக்கு ரத்தம் ஆகாது. கோழிக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிரே இருக்கும் செல்போன் கடையின் போர்டை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருப்பாள். பொட்டலம் கைக்கு வந்த பிறகுதான் திரும்புவாள். நல்ல மார்க் வாங்கியும் டாக்டருக்கோ நர்ஸுக்கோ படிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதற்கு அதுதான் காரணம். எலெக்ட்ரானிக்ஸ் படித்தால் உயிருள்ள எதையும் தொட வேண்டியதில்லை என்று நம்பினாள். அப்படிப்பட்டவள் முப்பத்தைந்தாம் வயதில், நாகல் நகர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, மண்டையோட்டைத் துளைக்கும் மிஷின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள்.

பிழைப்புக்கு அவள் ஸ்கேன் சென்டர்களில் மிஷின் ரிப்பேர் பார்த்தாள். செம்பட்டி சாலையில் ஒரு மருந்தியல் கல்லூரிக்கு மைக்ராஸ்கோப் சரிசெய்யப் போன இடத்தில், வலிப்பு நோயை ஆராயும் பேராசிரியர் ரஹ்மத்துல்லாவின் புலம்பல் காதில் விழுந்தது. வலிப்பு வரும்போது மூளையில் எந்த நரம்பு முதலில் துடிக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். அதற்குச் சுண்டெலியின் மண்டையோட்டில் ஒரு சின்ன வட்டத்தை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் கண்ணாடிச் சில்லைப் பதித்து, மேலே கேமராவை வைக்க வேண்டும். வெட்டுவது கையால். எலும்போ கல்யாணப் பத்திரிகை அட்டையின் தடிமன். அதற்குக் கீழே சவ்வு, சவ்வுக்குக் கீழே மூளை. கை ஒரு மயிரிழை கூட இறங்கினால் எல்லாம் போயிற்று.

"மனுசக் கைய நம்பி எத்தனை எலிம்மா சாகுறது?" என்றார் அவர்.

அனிஷாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. யாரும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லாத ஓர் அறுவை. அதற்கு ஒரு மிஷின் செய்து தருவதாக அங்கேயே ஒப்புக்கொண்டாள்.

மிஷினின் சூட்சுமம் எளிது. எலும்பில் மின்சாரம் லேசில் பாயாது. அதற்குக் கீழே உள்ள ஈரத்தில் பாயும். வட்டமாகச் சுற்றி வெட்டும் ஊசியின் நுனியில் எலிக்கே தெரியாத அளவு மின்சாரம் விட்டுக்கொண்டு துளைக்க வேண்டும். எலும்பு மெலிய மெலிய மின்சாரம் கூடும். திரையில் ஒரு பச்சைக்கோடு ஏறும். அது மேலே இருக்கும் சிவப்புக்கோட்டைத் தொட்டதும் ஊசி தானாக நின்றுவிடும். அந்தச் சிவப்புக்கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் மொத்த வித்தையும் இருந்தது.

அதை அவள் முட்டையில் பழகினாள். மேலோட்டை வெட்ட வேண்டும், உள்தோல் கிழியக் கூடாது. மண்டையோட்டுக்கு அதைவிட மலிவான பதிலி கிடையாது. துளைத்த முட்டைகள் ஆம்லேட்டாயின. தவக்காலம் வந்ததும் அம்மா இஞ்ஞாசியம்மாள் முட்டை சாப்பிட மறுத்தார். அதன்பின் அவை எதிர்வீட்டு சுந்தரம்மாளுக்குப் போயின. ஓட்டை முட்டையா என்று அந்தம்மாள் முகம் சுளிப்பார். ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை.

"ஏண்டி, பொண்ணு என்ன வேல பாக்குதுன்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்னன்னு சொல்லட்டும்? எலி மண்டையில ஓட்ட போடுதுன்னா?" என்றார் அம்மா.

"ரிசர்ச்சுன்னு சொல்லும்மா."

"அதுக்கு ஓட்டையே தேவலாம்."

முட்டையில் ஒரு தவறும் இல்லாமல் மிஷின் கல்லூரிக்குப் போனது. முதல் எலி செத்தது. ஊசி நிற்கத்தான் செய்தது, ஆனால் சவ்வைத் தாண்டி நின்றது. போனில் செய்தி சொன்னவள் தீபா, ஆராய்ச்சி மாணவி, சித்தையன்கோட்டைக்காரி. அவளுடைய அப்பா தென்னந்தோப்பில் எலிக்கு மருந்து வைத்துக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டுகிறவர். மகளோ ஓர் எலி செத்ததற்கு, விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் கமிட்டி முன்னால் காரணம் சொல்ல வேண்டியவள்.

"எங்கப்பாட்ட சொன்னேங்க்கா. 'ஒரு எலிக்கா இம்புட்டு அழுக'ங்கிறாரு."

"நீ அழுதியா?"

"நீங்க வந்து பாத்திருந்தா தெரியும்."

எல்லாச் சோதனையையும் அனிஷா வீடியோவில்தான் பார்த்தாள், அதையும் திரைக்கோடுகளை மட்டும். இரண்டாவது எலியும் அப்படியே செத்த பிறகு ரஹ்மத்துல்லா கூப்பிட்டார்.

"அனுமதியில இன்னும் ரெண்டு எலிதான்மா மிச்சம். இன்னொரு தடவ சவ்வு கிழிஞ்சா உங்க மிஷினைத் திருப்பி அனுப்பிருவேன். பழையபடி கைதான். அடுத்த தடவ நீங்க நேர்ல இருக்கணும்."

இரண்டு வருட வேலை. மிஷினை வீட்டுக்கு எடுத்து வந்து மறுபடி முட்டைகளைத் துளைத்தாள், ஒன்றுகூடக் கிழியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டில் முட்டை தீர்ந்திருந்தது. தெருமுனைக் கடையில் வாங்கி வந்து, அப்படியே மிஷினில் வைத்தாள். ஊசி உள்ளே போய், மஞ்சள் கரு மேஜையில் வழிந்தது. அடுத்ததும் அப்படியே. அம்மா வரும்வரை அவள் அதைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, முட்டைய வாங்கிட்டு வந்து நீ என்ன செய்வ?"

"பேசின் தண்ணியில போடுவேன். மெதக்குறது அழுகல். மத்தது அதுலயே கெடக்கும், இந்த வெயிலுக்குக் கெடாது."

"எந்தத் தண்ணி?"

"போர் தண்ணிதான். பின்ன, கேன் தண்ணி வாங்கி முட்டையக் குளிப்பாட்டவா?"

அந்தத் தெருவின் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ராத்திரி முழுக்க அதில் ஊறிய ஓட்டில் உப்பு ஏறி, ஓடே மின்சாரத்தைக் கடத்தியிருக்கிறது. அதனால் பச்சைக்கோடு சீக்கிரம் ஏறி, இன்னும் வெங்காயத்தோல் கனத்துக்கு ஓடு மிச்சமிருக்கும்போதே சிவப்பைத் தொட்டது. எலியின் எலும்பு போர் தண்ணீரில் ஊறியதல்ல. அதில் கோடு சிவப்பைத் தொடும்போது ஊசி மூளையில் இருந்தது. இவ்வளவு நாளும் அவள் அளந்தது மண்டையோட்டையல்ல, நாகல் நகர்த் தண்ணீரை.

இஞ்ஞாசியம்மாள் விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப ரெண்டு எலியும் என்னாலயா செத்துச்சு? பாவசங்கீர்த்தனத்துல இதையும் சேத்துச் சொல்லணுமாடி?"

"நீ எதுக்கும்மா? முட்டைய எங்கருந்து எடுக்குறேன்னு பாக்காதவ நான்தான்."

கடை முட்டைகளைக் காயவைத்துத் துளைத்துத் துளைத்து, சிவப்புக்கோட்டைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். கிழிவது நின்றது. கணக்குப்படி சரி. முந்தைய தடவையும் கணக்குப்படி சரியாகத்தான் இருந்தது என்பதுதான் அவளுடைய வேதனை.

மிஷினை மடியில் வைத்துக்கொண்டு செம்பட்டி பஸ்ஸில் போய் இறங்கினாள். கல்லூரி மேஜையில் சுண்டெலி மயக்க மருந்தில் படுத்திருந்தது, கட்டைவிரல் நீளம். உச்சியில் முடி மழித்து, தோலை ஒதுக்கியிருந்ததால் எலும்பு வெளியே தெரிந்தது. ரத்தம் என்று சொல்லும்படி ஏதுமில்லை. வயிறு ஏறி இறங்குவதுதான் தெரிந்தது. முட்டை மூச்சு விடுவதில்லை என்பது அனிஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, ஸ்கிரீனப் பாருங்க, எலியப் பாக்காதீங்க" என்றாள் தீபா.

ஊசி இறங்கியது. பச்சைக்கோடு ஏறியது. சிவப்புக்கு ஒரு விரற்கடை கீழே வந்ததும் அப்படியே தயங்கி நின்றது. முட்டையில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. செத்த இரண்டு எலிகளின் வீடியோவிலும் கோடு இப்படி நின்ற பிறகுதான் ஊசி சவ்வைத் தாண்டியிருந்தது. ஊசி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. அனிஷா எலியைப் பார்த்தாள். அதன் மீசை அசைந்ததுபோல் இருந்தது. அவள் கை அவசரப் பொத்தானை அழுத்திவிட்டது.

ஊசி சடக்கென்று மேலே எழும்பிக்கொண்டது.

"நின்னுருச்சு! கிழியல சார், கிழியல!" என்று தீபா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கத்தினாள்.

"தானா நின்னுச்சா?" என்றார் ரஹ்மத்துல்லா.

"இல்ல சார். நான் நிறுத்துனேன்."

அவர் குனிந்து எலியைப் பார்த்தார். "விட்ட எடத்துலருந்து மறுபடி துளைக்க முடியுமா?"

"முடியாது சார். ஊசி எழும்பிட்டா மிஷினுக்கு ஆழம் மறந்துரும். குத்துமதிப்பா எறக்கணும்."

"குத்துமதிப்புன்னா எனக்குக் கையே போதுமே." அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "பாதி வெட்டுன மண்டையோட இத எழுப்பக்கூடாதும்மா. அனுமதியிலயே இருக்கு. தூங்கும்போதே முடிச்சிரணும்."

"அது நல்லாத்தான சார் இருக்கு? மூச்சு விடுது..."

"நல்லாத்தான் இருக்கு."

தீபா ஊசி மருந்தை எடுத்தாள். வயிறு ஏறி இறங்குவது மெதுவாக நிற்கும்வரை அனிஷா இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

கடைசி எலி வந்தது. ரஹ்மத்துல்லா அவளை மேஜையின் மறுபக்கம் நிற்கச் சொன்னார். பொத்தான் அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. பச்சைக்கோடு ஏறி, அதே இடத்தில் தயங்கியது. ஊசி இறங்கியது. யாரும் எதையும் தொடவில்லை. பிறகு கோடு நகர்ந்து சிவப்பைத் தொட்டது, ஊசி நின்றது. எலும்பு வட்டத்தை இடுக்கியால் எடுத்தார்கள். கீழே சவ்வு கிழியாமல் பளபளத்தது, அதற்கடியில் நூல்நூலாக ரத்தக் குழாய்கள். தீபா கண்ணாடிச் சில்லைப் பதித்தாள்.

"ஜெயிச்சுட்டீங்கக்கா!"

"அதுவும் நின்னிருக்கும்" என்றாள் அனிஷா. "நான் கைய வைக்காம இருந்திருந்தா அதுவும் நின்னிருக்கும்."

ரஹ்மத்துல்லா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "மிஷின் இங்கயே இருக்கட்டும்மா. ஆனா கமிட்டியில கேப்பாங்க. மூணாவது எலி எப்படிச் செத்துச்சுன்னு சொல்லட்டும்?"

"மனுசக் கையாலன்னு சொல்லுங்க சார்."