முத்து வந்த வீடு

பெரிய காஞ்சிபுரத்தில் ஸ்கேன் பார்த்துவிட்டு மகளோடு வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் போன் செய்தார். "வீட்டுக்கு முத்து வந்துக்குதுமா. உடம்பு பூரா முத்து. பொண்ணையும் கூட்டிக்கினு வா, பாக்கட்டும்." அதோடு லைன் போய்விட்டது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அம்மையை அம்மை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். முத்து போட்டிருக்கிறது என்போம். மகளுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததே இல்லை; பிள்ளைத்தாய்ச்சி அது கண்ட வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன வருஷம் ஆறாம் மாதத்தில் ஒன்றைப் பறிகொடுத்தவள். அவளைக் கூட்டிவந்து காட்டச் சொல்கிறாரே, இந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?

ஆட்டோவில் மறுபடி மறுபடி அவருக்கே போன் அடித்துக்கொண்டு வந்தேன். "இன்னாமா, ஸ்கேன்ல ஏதாவது சொன்னாங்களா?" என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, தெருமுனைத் தையல்கடை நிழலில் அவளை நிற்கவைத்தேன். அங்கிருந்த மரத்தில் வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்துக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்றே, "வெளிய வராத, அப்படியே இரு," என்று கத்தினேன்.

ஈரக்கையோடு வந்து நின்றார். முகத்தில் ஒரு பருகூட இல்லை. பின்னால் புதுக் கண்ணாடித் தொட்டி. அதில் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையாக ஒரு தங்கமீன். ஒவ்வொரு செதிலும் மேடாகப் புடைத்து, நடுவில் ஜவ்வரிசி ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது.

"இதுக்குப் பேரே முத்து மீனுமா. கொளத்தூர்ல வாங்கினேன். சீனாக்காரங்க பொறுக்கிப் பொறுக்கி வளத்த ஜாதியாம். செதில்ல சுண்ணாம்பு சேந்து இப்படி மேடாயிடுதாம்."

போட்டு அடிக்கலாமா என்றிருந்தது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "பாத்து வெச்சிக்கணும். ஒரு முத்து உதுந்தா, அந்த எடத்துல மறுபடி முத்து வராதாம். சப்பையா வெறும் செதிலுதான் வரும்."

நிழலில் நிற்கச் சொன்னவள் எப்போது பின்னாலேயே வந்தாளோ. வயிற்றில் கை வைத்தபடி மீனைப் பார்த்தாள்.

"சப்பையா இருந்தா இன்னாப்பா," என்றாள். "வந்தா போதும்."

நான் கையிலிருந்த வேப்பிலையை நிலைப்படியில் செருகினேன். எங்கள் வீட்டில் அம்மை என்று தெருவே நினைத்துக்கொள்ளட்டும். பிள்ளை பிறக்கும்வரை ஒருத்தரும் உள்ளே வராமல் இருந்தால் சரி.