லெஸ்டர் திறக்காத இடது பக்கம்

ஒஹையோவில் எங்கள் கவுண்டி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். லெஸ்டர் ப்ரூகரின் தீர்ப்புக்கு அந்த வசதி கிடையாது. ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநரான அவர், பழைய கார் சாமான் சந்தையில் கம்பி பிரஷோடு நிற்பார். யாராவது எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டைத் தூக்கிவந்து வைத்தால், துருவைத் தேய்த்து, வார்ப்பிலேயே பதிந்திருக்கும் எண்ணையும் தேதியையும் படிப்பார். ஹெட் காருக்கு முன்னால் பிறந்திருந்தால் அசல், சாக்பீஸில் சரிக்குறி. பின்னால் பிறந்திருந்தால் யாரோ மாற்றியது, பெருக்கல்குறி. அந்தப் பெருக்கல்குறியால், தன் கார் அசல் என்று பெண் வீட்டில் சொல்லிவைத்த ஒருவரின் நிச்சயதார்த்தமே நின்றுபோனது. நான் கண்ணால் பார்த்தேன், மாப்பிள்ளை அழுதார்.

லெஸ்டரின் சொந்தக் கார், அறுபத்தொன்பது மார்ச்சில் தயாரான நீல ஷெவெல். அண்ணன் ராய் புதிதாக வாங்கியது. ராய் இறந்ததும் தம்பிக்கு வந்தது. “எங்கண்ணன் ஒரு நட்டைக்கூட மாத்தல” என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிவந்தார். இந்த வருடப் பழைய கார் கண்காட்சியில் ‘முழு ஒரிஜினல்’ பட்டயம் வாங்கி, அதில் ராயின் பெயரைப் பொறிக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

இந்த எஞ்சினுக்கு ஹெட் இரண்டு; எண்ணும் தேதியும் மூடிக்கு அடியில். வலது பக்க மூடியைக் கழற்றுவது சுலபம். இடது பக்கத்தில் பிரேக்குக்கு வலு கூட்டும் பூஸ்டர் டப்பா குறுக்கே நிற்கும். எனவே லெஸ்டர் வலதைப் படித்தார், இடதை நம்பினார். அடுத்தவன் ஹெட் விஷயத்தில் இப்படியொரு தாராளத்தை அவர் காட்டியதே இல்லை.

கண்காட்சியன்று காலை இடது மூடியில் எண்ணெய் கசிந்தது. நண்பர் வெர்ன் பூஸ்டரை நகர்த்தி மூடியைத் திறந்தார். லெஸ்டர் குனிந்தார். எண் சரி. தேதி அறுபத்தொன்பது மே பன்னிரண்டு, காருக்கு இரண்டு மாதம் பின்னால்.

வெர்ன் குரலைத் தாழ்த்தினார். “மூடிடு லெஸ். ஜட்ஜுங்க இதையெல்லாம் கழட்டிப் பாக்க மாட்டாங்கப்பா.”

“எங்கண்ணன் ரேஸ் விட்டு ஹெட்ட ஒடச்சு மாத்தியிருக்கான் வெர்ன்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!”

மடக்கு நாற்காலியில் டோனட் தின்றுகொண்டிருந்த மனைவி டோரீன் நிமிரவில்லை. “எப்படிச் சொல்லுவாரு? சொல்லியிருந்தா அவரு நெத்திலயே பெருக்கல்குறி போட்டிருப்பீங்க.”

லெஸ்டர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.

“டேய், வேணாண்டா!” என்றார் வெர்ன்.

குறி விழுந்தது. வழக்கமான அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே. நடுவர்கள் வந்தபோது மூடி திறந்தே இருந்தது. பட்டயம் போயிற்று.

கண்காட்சி விண்ணப்பத்தில் ‘மாற்றிய பாகங்கள்’ என்ற கட்டம் அதுவரை காலியாக இருந்தது. லெஸ்டர் பேனாவால் நிறுத்தி நிதானமாக எழுதினார்: “இடது ஹெட். மாற்றியவர் ராய் ப்ரூகர். வேலை சுத்தம்.”