முதல் பந்தியில் உட்கார்ந்த புற்று

என் கணவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தபந்தமெல்லாம் எங்கள் கோயம்புத்தூர் வீட்டுக்குப் பார்க்க வந்தது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். மைசூர்பாகு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, "சர்க்கரையத் தொட்டுப்போடாதீங்க மாப்ள, அதத் தின்னுதான் புத்து வளருது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ பிடிவாதக்காரர். முதலில் சர்க்கரையை விட்டார், பிறகு சோற்றையும் விட்டார். புற்றைப் பட்டினி போடுகிறாராம். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனார். அடுத்த ஊசியைத் தாங்குவாரா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அது உடம்பின் எதிர்ப்பணுக்களைத் தட்டியெழுப்பும் ஊசி. ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மாவிடம் அவர் பட்டினி கிடப்பதை நானே போட்டுக்கொடுத்தேன். அந்தம்மா கோபப்படவில்லை.

"ஐயா, உங்க ரத்தத்துல டி செல்லுனு ஒரு அணு இருக்குதுங்க. புத்த அடிக்கறது அதுதான். ஆனா கிட்டப் போனா, 'நானும் உங்காளுதான்'னு புத்து ஒரு சைகை காட்டும். அதப் பாத்து அணு கைய எறக்கிரும். அந்தச் சைகைய மறைக்கத்தானுங்க இந்த ஊசி."

"அப்ப சர்க்கரை?" என்றார் இவர்.

"சண்டை போட அந்த அணுவுக்கும் சர்க்கரை வேணுமுங்க. புத்து மொதப் பந்தியில உக்காந்து வழிச்சுத் தின்னுபோடுது. பின்னால வர்ற அணு பசியில சோர்ந்துபோகுது. அதுக்கு என்ன வழின்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குதுங்க. நீங்க பட்டினி கெடந்தாலும் ரத்தத்துக்கு வேண்டிய சர்க்கரைய ஒடம்பே செஞ்சுக்குமுங்க. புத்து எளைக்காது, நீங்கதான் எளைப்பீங்க."

வீட்டுக்கு யார் வந்தாலும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பது எங்கள் ஊர் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத ஓர் அணுவிடம் போய், நீ யார் சைகைக்குக் கையை இறக்குகிறாய், சாப்பிட்டாயா என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து விசாரித்திருக்கிறார்கள். முகம் தெரியாத அவர்களை மனசுக்குள் கும்பிட்டேன். அன்று மத்தியானம் இவர் சோறு கேட்டார்.

சில மாதம் கழித்து ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "முழுசாப் போகலீங்க. ஆனா நல்லாச் சுருங்கியிருக்குது" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து காபி கொடுத்தேன், சர்க்கரை போட்டு. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒருநாளும் சாப்பிட்டாயா என்று கேட்டறியாத மனுஷன், ஒரு வாய் குடித்துவிட்டு நெஞ்சில் கையை வைத்து உள்ளேயிருக்கும் அணுக்களை விசாரித்தார்.

"சாப்டீங்களா கண்ணுகளா?"

எனக்குத் துளியும் கோபம் வரவில்லை.