அக்கா பக்கம் சாய்ந்த அம்மன்

எங்கேயாவது பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் இன்றும் நான் இன்னொரு விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொள்கிறேன். சேரப்பணஞ்சேரியில் நான் வளர்ந்த வீட்டில் சமையலறை ஒன்றுதான், ஆனால் அடுப்பு இரண்டு. மேற்குச் சுவரோரம் பெரியம்மாவின் அடுப்பு, அதற்கு நேர் எதிரே பின்வாசலை ஒட்டி அம்மாவின் அடுப்பு. அப்பா ஓட்டி வரும் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் மெயின் ரோட்டில் கேட்டதும் இரண்டு குக்கர்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கத்த ஆரம்பிக்கும். எது முதலில் அடங்குகிறதோ அந்தப் பக்கத்துச் சோறுதான் முதலில் தட்டில் விழும் என்பதால், பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு நான் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அம்மாவும் பெரியம்மாவும் கூடப் பிறந்த அக்கா தங்கைகள். இருவருக்கும் புருஷன் ஒருவர், என் அப்பா. பெரியம்மா கன்னியம்மாளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் போலப் பிள்ளை இல்லை. அப்பாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தால் வருகிறவள் இவளைத் தெருவில் நிறுத்திவிடுவாள் என்று பயந்து, அவர்களைப் பெற்றவர்கள் சின்ன மகள் வசந்தாவையே அதே வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கைக்குத் தாலிக் கயிற்றில் மஞ்சள் தடவிக் கொடுத்தவள் பெரியம்மாதானாம். "என்ன ஆரு கேட்டா? அக்கா வூட்டுக்குப் போறன்னாங்க, வந்தேன்" என்று அம்மா எப்போதாவது சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் கையில் இருக்கும் பாத்திரம் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போடும்.

ஒரகடத்தில் கார் கம்பெனிகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வேலி போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. குத்தகை நிலத்தை விட்டுவிட்டு அப்பா ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவராகியிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தால், பஸ்ஸில் யார் தூங்கி விழுந்தான், எந்த கேட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அன்றைய கதையையெல்லாம் பெரியம்மாவிடம்தான் சொல்வார். அம்மா வைத்ததையும் சாப்பிடுவார், குறை சொல்ல மாட்டார், ஆனால் பேச்சு மட்டும் எதிர் அடுப்புப் பக்கமே போகும். நாங்கள் மூன்று பெண்கள், மூன்று பேரும் அம்மா வயிற்றில் பிறந்தவர்கள். "புள்ள பெத்தவ நானு, கத கேக்கறவ அவளா?" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள். அந்தச் சொல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும்.

அம்மா பொல்லாதவள் இல்லை. இரண்டு பேருமே அடிபட்டவர்கள், அடிபட்ட இடம்தான் வேறு. என் கடைசித் தங்கை செல்வியைத் தொட்டிலில் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரியம்மா தலைக்குக் குளித்து, புதுப் புடவை கட்டி, குழந்தையை வாங்குவதற்காக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள். உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நீ வேணாம்க்கா, வேற ஆராச்சும் போடட்டும்" என்றாள் அம்மா. பெரியம்மா நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு உள்ளே போனவள், வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பும் வரைக்கும் பாயசப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் பெரியம்மா ஏரிக்கரைப் பொன்னியம்மன் கோயிலுக்குப் போவாள், என்னையும் கூட்டிக்கொண்டு. அப்போது அது தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். வாசலில் இருந்த வேப்பமரத்தில், பிள்ளை வேண்டிக்கொண்டவர்கள் கட்டிய மரத்தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். பெரியம்மா ஒரு தொட்டிலும் கட்டியதில்லை. ஏன் கட்டவில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே சொன்னாள்: "கட்டித் தொங்க வுட்டாதான் அவளுக்குத் தெரியுமா? இத்தினி வருசமா எதிர்ல வந்து நிக்கறேன், என் மூஞ்சியப் பாத்தா தெரியாது? குடுத்தா வாங்கிக்கறேன். குடுக்கலன்னாலும் அவ ஒண்ணும் என்னை வுட்டுடல. ஒங்க மூணு பேரையும் கண்ணால பாத்துக்கினு கீறேன் இல்ல?" அந்தப் பேச்சில் வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோபம் இல்லை.

எனக்குப் பத்து வயது நடக்கும்போது பெரியம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. சோறு பிடிக்கவில்லை, தலை சுற்றல். வயசாகிற கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். படப்பையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டி வரப் போனவர்கள் திரும்பி வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார், செருப்பைக் கழற்றக்கூட மறந்துபோய். பெரியம்மா நேராக உள்ளே வந்து, அம்மாவின் அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, "வசந்தா, மூணு மாசமாம்டி" என்று சொல்லிவிட்டு அழுதாள். அம்மா கொதித்த குழம்பை இறக்கி வைத்தாள். பிறகு பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததெல்லாம் அம்மாவுக்கு முள்ளாகவே குத்தியது. நாங்கள் மூன்று பேர் வயிற்றில் இருந்தபோது ஒரு எலுமிச்சம்பழம்கூட வாங்கி வராத அப்பா, தினமும் ஏதாவது ஒரு பையோடு வந்தார். ஆப்பிள், மாதுளை, ஒருநாள் குங்குமப்பூ. பழத்தை நறுக்கி பெரியம்மா முதல் துண்டை எங்கள் வாயில்தான் போடுவாள், ஆனால் பையைத் தூக்கி வந்த கையை அம்மா பார்த்திருந்தாள். "ஆம்பள புள்ள பொறந்துட்டா, நானும் என் மூணும் எங்க போறது?" என்று ஒருநாள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, கேட்பதற்கு என்னைத் தவிர யாரும் இல்லாத நேரத்தில் கேட்டாள். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போதுகூட அவள் கோயில் பக்கம் போகவில்லை. "சாமியும் அவ பக்கம் சாஞ்சிடுச்சி. நான் போயி இன்னா கேக்கறது?" என்றாள். அக்கா என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் எங்கள் மூலமாகத்தான் சொல்லி அனுப்புவாள்.

வளைகாப்பு நடந்த அன்று அம்மா தலைவலி என்று சொல்லி உள்ளறையில் படுத்துக்கொண்டாள். கூடத்தில் சிரிப்பும் சந்தன வாசனையுமாக இருந்தது. கன்னத்தில் பூசிய சந்தனம் காயாத முகத்தோடு பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, "நீ ஒரு ஜோடி போட்டு வுட்டுட்டு அப்பறமா படுத்துக்க" என்று கண்ணாடி வளையல்களை நீட்டினாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பெரியம்மா வளையல்களைத் தலையணை ஓரம் வைத்துவிட்டுப் போனாள்.

அது நடந்து அதிக நாள் ஆகவில்லை. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். அப்பா முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கப் போயிருந்தார். கொல்லையில் குடத்தை நிமிர்த்தப் போன பெரியம்மா அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். புடவையெல்லாம் ரத்தம். நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்தாள், பார்த்தாள், "ஐயோ எங்கக்கா" என்று அவள் எழுப்பிய குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் ஒன்றிலிருந்து, நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த முருகேசன் லுங்கியோடு ஓடி வந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். "பதறாதீங்கக்கா, இந்தா ஆட்டோ கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே தெருவில் பறந்தான்.

நடுத் தங்கையைப் பக்கத்து வீட்டில் விட்டோம். அம்மாவின் பாலை மறக்காத செல்வியை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஆட்டோவில் ஏறினேன். புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் நீள நீள லாரிகளுக்கு நடுவே அந்த ஆட்டோ செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியை நோக்கிப் போயிற்று. பெரியம்மாவின் தலை அம்மாவின் மடியில். "அக்கா, கண்ணத் தொறந்துக்கினு இரு. அக்கா, என்னப் பாரு" என்று வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். பல மாதமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்த "அக்கா" எல்லாம் அந்த ஒரு பயணத்தில் வெளியே வந்தது.

உடனே ஆபரேஷன் என்றார்கள். ரத்தம் வேண்டும் என்றார்கள். ஆட்டோவில் கூடவே வந்திருந்த முருகேசன் போனில் யார் யாரையோ கூப்பிட்டான். ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றாமல், பெரியம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தே இராத பையன்கள் வந்து நின்றார்கள். "அழாதீங்கக்கா, நாங்க இத்தன பேரு இருக்கோம்லா" என்றான் ஒருவன். அம்மா அவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு வராந்தாச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அங்கே சாமி படம் எதுவும் இல்லை, வெறும் சுவர்தான். நான் பக்கத்தில் இருப்பதை அவள் மறந்துவிட்டிருந்தாள்.

"தாயே, ஆம்பள புள்ளயே பொறக்கட்டும். அவரு அவளையே கொண்டாடட்டும். எனக்கு ஒண்ணும் வேணாம். எங்கக்காவத் திருப்பிக் குடுத்துடு. அவ இல்லாத வூட்ல நான் ஆரோட சண்ட போடுவேன்?"

வெகு நேரம் கழித்து ஒரு நர்சம்மா துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் போல ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார். ஆண் குழந்தை, மாதம் நிறையாதது, எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. "அம்மாவுக்கு இன்னும் மயக்கம் தெளியல, ஒடம்பு தேற நாளாகும். பாலு குடுக்கற மாதிரி ஒங்கள்ல யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். அம்மா எந்தக் குழந்தையை நினைத்து இத்தனை மாதம் பயந்தாளோ அந்தக் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் சுருங்கிய முகத்தோடு அழுதுகொண்டிருந்தது. அழுகையைக் கேட்டதும் அம்மாவின் ரவிக்கை நனைந்துவிட்டதை நான் பார்த்தேன். தன்னிடம் தாவ வந்த செல்வியை என்னிடமே தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, "குடுங்க" என்றாள்.

தகவல் தெரிந்து அப்பா காக்கிச் சட்டையோடு ஓடி வந்தபோது, அம்மா ஒரு பெஞ்சின் ஓரத்தில் முந்தானைக்குள் அவருடைய மகனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "நீ சாப்ட்டியா?" என்றார். அந்த ஒரு கேள்வியைப் பின்னால் அம்மா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

பெரியம்மா தெளிந்து பேச இரண்டு மூன்று நாள் ஆயிற்று. கண் திறந்ததும் தங்கை மடியில் குழந்தையைப் பார்த்தாள்.

"ஆரு மாரி கீறான்டி?"

"உன்ன மாரிதான்க்கா" என்ற அம்மா, அதற்கு மேல் தாங்க முடியாமல் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நான் அம்மன் கோயிலுக்கே போலக்கா இத்தினி மாசமா."

பெரியம்மா ஊசி ஏறாத கையால் அவள் தலையைத் தடவினாள். "தெரியும். அதான் உன் பேர்லயும் சேத்து ஒரு வெளக்கு போட்டுக்கினு இருந்தேன். அவ ஒரு பக்கமா சாயறவ இல்லடி. எனக்குக் குடுத்தா உன்கிட்ட இருக்கறத புடுங்கிக்குவாளா இன்னா?"

அதன் பிறகு சண்டையே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். சண்டை இருந்தது. அப்பா பழையபடி பெரியம்மாவிடம்தான் அதிகம் பேசினார், அம்மா பழையபடி சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். பெரியம்மாவுக்குப் பால் சரியாக ஊறவே இல்லை. தம்பியை அம்மாதான் வளர்த்தாள், தன் பங்கு பறிபோன ஆத்திரத்தில் செல்வி அவன் காலைக் கடித்து வைத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஏரிக்கரைக்கு அவர்கள் இருவரும் சேர்ந்தே போனார்கள். போகிற வழியிலும் ஏதாவது ஒன்றுக்கு வாக்குவாதம் நடக்கும். கோயில் வாசலில் செருப்பை விடும்போது அதுவும் நின்றுவிடும்.

இப்போது ஊரில் ஏரிக்கரைப் பாதையைக் கண்டுபிடிக்கவே எனக்கு நேரமாகிறது. கோயிலின் தகரக் கூரை போய் கோபுரம் வந்துவிட்டது, வேப்பமரத்தை ரோடு அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். முருகேசன் சொந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்டான், அவன் எண்ணும் எங்களிடம் இல்லை. அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. யாருக்காக அத்தனை மல்லுக்கட்டினார்களோ அவர் இல்லாத வீட்டில், அக்காவும் தங்கையும் ஒரே கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கிறார்கள்.

தம்பிக்கு மீசை அரும்பிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் கூப்பிட்டதைக் கேட்டே பேசப் பழகியதால், பால் கொடுத்தவளை "அம்மா" என்றும் பெற்றவளைப் "பெரியம்மா" என்றும்தான் அவன் சின்ன வயதிலிருந்தே கூப்பிடுகிறான். மாற்றிச் சொல்லச் சொல்லி அம்மா அவனை எவ்வளவோ அதட்டிப் பார்த்தாள், ஒருமுறை அடிக்கவும் செய்தாள். போன வாரம் நான் போயிருந்தபோது அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "பெரியம்மா, துன்றதுக்கு இன்னா கீது?" என்று வாசலிலிருந்தே கத்தினான். எனக்குத்தான் கேட்கச் சங்கடமாக இருந்தது. உனக்கு வருத்தமாக இல்லையா என்று பெரியம்மாவைக் கேட்டேன்.

"எப்படிக் கூப்ட்டா இன்னாடி?" என்றாள் அவள், கையை ஊன்றி எழுந்துகொண்டே. "கூப்புடறான் இல்ல?"