மாமாவின் கையும் அத்தையின் ரீஸ்டோர் பாயிண்டுகளும்

என் அத்தை வீட்டின் முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறார். பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரிக் கோட்டு என்று எதன் மேலும் பேட்ஜ் போட்டுத் தருவார். நூல் அறுந்தால் மெஷினைத் திட்டித் தீர்ப்பார். ஊசி எங்கே குத்த வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வது பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். மெஷின் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடியாகிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிற பழைய டிரைவர் மென்பொருள்தான் இரண்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடத்தி வைக்கிறது.

மாமா பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்காது. மிக்ஸி, குழாய், கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தார். அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டாலே அத்தை, "ஒரு நிமிஷம் இருங்க" என்று ஓடி வந்து ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் போட்டுவிடுவார். பிறகு ஏதாவது கெட்டால் கம்ப்யூட்டரை அந்த நிலைக்குத் திருப்பிக்கொண்டு வருவதற்கான குறி அது. ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைப்பார்: 'இவர் உட்காருமுன்', 'மறுபடியும் இவர்'.

போன வாரம் அத்தை போன் செய்தார். "கம்ப்யூட்டர் சொல்றது எதையும் மெஷின் கேக்க மாட்டேங்குதுடா. நாளைக்கு சாயங்காலம் நர்ஸுங்க கோட்டெல்லாம் குடுத்தாகணும்."

போய்ப் பார்த்தேன். டிஸ்க்கில் இடம் இல்லை என்று சிவப்புக் கோடு காட்டியிருக்கிறது. அத்தை குளிக்கப் போன நேரத்தில் மாமா, அத்தையின் பாயிண்டுகளைச் சேமித்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சிஸ்டம் ரீஸ்டோரையே நிறுத்திவிட்டார். ஒரு பாயிண்ட் பாக்கியில்லாமல் அழிந்துவிட்டது. கிடைத்த இடத்தில், இன்டர்நெட்டில் அகப்பட்ட ஏதோ ஒரு புது டிரைவரைப் பழையதன் மேலேயே வேறு ஏற்றியிருக்கிறார். குரங்கு கையில் பூமாலை! எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாரைக் கேட்டு மாமா இதையெல்லாம் அழிச்சீங்க? போனது போனதுதான். இந்த மெஷினை இனிமே பழைய இரும்புக்குத்தான் போடணும்!"

மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

அத்தை நூல்கண்டு அலமாரியைத் திறந்து, பழைய சாக்ஸுக்குள் போட்டு வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்து நீட்டினார். "மொத்த கம்ப்யூட்டரையும் அப்படியே காப்பி எடுத்து வச்சிருக்கேன். பாயிண்டெல்லாமும் அதுக்குள்ளதான். போன மாசம் எடுத்தது."

நான் ஆரம்பிக்கப் போனபோது மாமா மெதுவாகச் சொன்னார்: "நர்ஸ் பேட்ஜ் டிசைன் இந்த மாசம் போட்டது. அதை முதல்ல வெளிய எடுத்து வச்சிடுப்பா."

அவசரத்தில் கோட்டை விட்டிருப்பேன். டிசைன்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, பிறகு அத்தையின் காப்பியைக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். நாங்கள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைக்கும் வரை அது ஓடியது. அழிந்த பாயிண்டுகள் வரிசையாக வந்து நின்றன. மெஷின் டக்டக்கென்று ஊசியை இறக்கியதும் அத்தை அதைச் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.

மாமா டீ போட உள்ளே போனார். நான் குரலைத் தாழ்த்தி, "பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிடறேன் அத்தை. மாமா தொடவே முடியாது" என்றேன்.

"வேண்டாம்டா."

"மறுபடியும் கெடுப்பாரு."

"கெடுக்கட்டும். ரிட்டயர் ஆன புதுசுல ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டாரு. இப்படி எதையாவது கழட்டி மாட்ட ஆரம்பிச்சப்புறம்தான் சாப்பிடும்போது வாயைத் திறந்து பேசறாரு. அவரு தொடணும்னுதான்டா நான் காப்பியே எடுத்து வைக்கிறேன்."