முந்நூற்று முப்பது குதிரைகளின் அதிபதி

அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்த்துக் கதிரை தேய்த்த காலமெல்லாம் கொழும்புத்துறைக் கிறிஸ்துநாயகம் எதையும் அளந்து பார்த்தவரல்லர். கனடாவிலிருக்கும் மகன் பிக்கப் வண்டியொன்றை வாங்கிக் கொடுத்த பின்னரே அளவுப் பித்து அவர் தலைக்கேறிற்று. கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டார். வண்டி எவ்வளவு விரைவில் வேகமெடுக்கிறது, அதன் குதிரைவலு என்ன, பிரேக்கை மிதித்தால் எத்தனை மீற்றரில் நிற்கிறது என்பனவற்றையெல்லாம் அது சொல்லுமாம். ஓட்டத்தின்போது கைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டுமே! மனைவி யசிந்தா மீன்குழம்பைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்து ஆசனத்தில் ஏறினாள்.

இத்தனை பாடும் ஒன்றற்காகவே. பங்குத் திருநாளன்று புனிதரின் சொரூபத்தைச் சுமந்து செல்லும் வண்டி தம்முடையதாக இருக்கவேண்டும் என்பது அவர் வேட்கை. பக்தியன்று அது. பிரசங்கம் தொடங்கியதும் உறங்கிப்போகும் மனிதருக்குப் பக்தி ஏது? சொரூபத்தை வணங்கும் கண்கள் சாரதி ஆசனத்தையும் காணுமென்ற கணக்கு என்பதை யசிந்தா அறிவாள்.

குதிரைவலுவைக் கணிக்கச் செயலி வண்டியின் எடையைக் கேட்டது. அவருக்கோ பழைய பவுண்டுக் கணக்கே பழக்கம்; பாணும் இறாத்தல், பிறந்த குழந்தையும் இறாத்தல். கிலோவில் கிடந்த எண்ணை வியர்க்க வியர்க்கப் பெருக்கி, இறாத்தலாக்கி இட்டார். ஓடி முடிந்ததும் திரை ஒளிர்ந்தது: முந்நூற்று முப்பது!

"இஞ்சை பாருங்கோ, அது கிலோவிலையெல்லோ கேக்குது? அதுதான் வலுவும் இரட்டிச்சுப்போச்சு," என்றாள் யசிந்தா.

"பாரம் எண்டால் பாரம்தான். உமக்கு உது விளங்காது. போனை ஆட்டாமல் பிடியும்."

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அந்த எண் முழங்கிற்று. திருநாட்குழுச் செயலாளர் டினேஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"அண்ணை, சொரூபம் நடைவேகத்திலைதானே போறது? ரேசுக்கே விடப்போறியள்?"

"ஓடுறது பெரிசில்லைத் தம்பி, நிக்கிறதுதான் பெரிசு. என்ரை பிரேக்கை வந்து பார்!"

வெள்ளோட்டத்தன்று, சொரூபம் ஏற்றாத வெறும் மரப்பீடத்தை வண்டியின் பின்தட்டில் ஏற்றினர். கயிறு கட்டும் பொறுப்பைக் கிறிஸ்துநாயகம் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பங்குத்தந்தையும் டினேசும் வீதியோரத்தில் நின்றனர். யசிந்தா கைபேசியை ஏந்தினாள். வண்டி சீறிப் பாய்ந்து வந்தது. பங்குத்தந்தையின் முன்னே அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

வண்டி நின்றது. பீடம் நிற்கவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு அது முன்னே பாய்ந்து பின்கண்ணாடியை நொறுக்க, அவர் பிடரியெல்லாம் கண்ணாடித்தூள் சொரிந்தது. கைபேசியோ "மிகச் சிறந்த பிரேக்" என்று பாராட்டிற்று.

"சுவாமி, பாத்தியளே? உடனை நிண்டுது!" என்றார் கிறிஸ்துநாயகம், தூளை உதறியபடி.

பங்குத்தந்தை நொறுங்கிய பீடத்தைப் பார்த்தார். "ஓம், பாத்தன். நல்லகாலம், புனிதர் ஏறேல்லை."

திருநாளன்று சொரூபம் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பவனி வந்தது. கிறிஸ்துநாயகத்தின் மனம் நோகாதிருக்க, வெளிச்சத்துக்கான ஜெனரேற்றரை ஊர்வலத்தின் கடைசியில் இழுத்துவரும் பணியைக் குழு அவருக்கு அளித்தது. புகையும் இரைச்சலும் சூழ, பின்கண்ணாடியின் இடத்தில் பொலித்தீன் படபடக்க, அவர் நிமிர்ந்து அமர்ந்திருந்தார்.

"ஏனப்பா, உங்களைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டாங்கள் போலை?" என்றாள் அருகே நடந்த யசிந்தா.

"விசர்க்கதை கதையாதையும். உந்தப் பாரத்தை இழுக்கிற வலு வேறை ஆரின்ரை வண்டிக்கு இருக்கு?"

யசிந்தா செபமாலையை உருட்டியபடி எட்டி நடந்து, முந்நூற்று முப்பது குதிரைகளையும் எளிதாக முந்திப் போனாள்.